கீழிருந்து வந்த பதில்

"தண்ணி ஊத்தாதேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல…"

"யார்கிட்டச் சொன்னே? எப்பச் சொன்னே? சும்மா…"

"குழாயை அறுத்துத் தொங்க விட்டிருக்கு, கீழே ஒரு மனுஷன் நிக்கிறான்னு கொஞ்சமாவது…"

"சும்மா கத்தாதே அண்ணா. என்கிட்ட ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லல."

"குழாய்க்காரர்கிட்டச் சொல்லி அனுப்பினேனே."

"அவர் மேல் மாடிக்கு மத்தியானம்தான் வருவேன்னார். அதுக்குள்ள அப்பா துணியை அலசிடலாமேன்னு ஒரே ஒரு பக்கெட் ஊத்தினேன். அது தப்பா?"

"ஒரு பக்கெட்டா? இறங்கி வந்து என் தலையைப் பாரு."

"நான் எதுக்கு இறங்கணும்?"

அண்ணன் மாடிப்படியின் அடியில் சொட்டச் சொட்ட நின்றான். தங்கை மேலே, படி திரும்புகிற இடத்தில், காலிப் பக்கெட்டோடு நின்றாள். நடுப்படியில் குழாய்க்காரர். கையில் ரம்பத்தை வைத்துக்கொண்டு மேலே ஒரு தரம், கீழே ஒரு தரம் பார்த்தபடி இடிச்சபுளி மாதிரி நின்றவர், கடைசியில் வாயைத் திறந்தார்.

"ஐயா, தலைக்கு மேல வெள்ளம் போயாச்சு. இனிமே சாண் என்ன, முழம் என்ன. போய் நல்ல தண்ணியில குளிச்சிட்டு வாங்க. தங்கச்சி, நீங்களும் நான் சொல்ற வரைக்கும் தயவுபண்ணி எதையும் ஊத்தாதீங்க. இந்த வீட்டுல யாருக்குச் சொன்னா யாருக்குப் போய்ச் சேருதுன்னே புரியல."

"அது உங்களுக்கு மட்டுமில்ல" என்றாள் தங்கை. மாடிக் கதவு சாத்திக்கொண்டது.

பாத்திரம் கழுவும் அறையில் அண்ணி தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஈரத்தோடு உள்ளே வந்த அண்ணன் அவள் முதுகைப் பார்த்தான்.

"சிரிக்கிறியா?"

"இல்லியே."

"தோள் குலுங்குதே."

"தரை துடைச்சா தோள் குலுங்கத்தான் செய்யும்."

"நல்லா சிரி. என் பொழைப்பு சிரிப்பா சிரிக்குது" என்று சொல்லிக்கொண்டே அவன் குளிக்கப் போனான். நின்று பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், தோள் குலுங்கியது சிரிப்பில் இல்லை என்று.

ஆள் மூலம் சொல்லியனுப்புவதே அந்த வீட்டு வழக்கமாகப் போய்விட்டது. பால்காரர், மின்சாரக் கணக்கெடுக்க வருகிறவர், இப்போது குழாய்க்காரர். வருகிறவர் போகிறவர் எல்லாரும் தூதுவர்கள்தான். அண்ணனுக்கு லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. "ஊர்ல உள்ளவங்களை எல்லாம் ஏத்தி இறக்கறேன், என் வீட்டுல ஒருத்தியை ஒரு மாடி ஏத்த முடியல" என்று கூட வேலை செய்கிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பான். வீட்டுக்கு வந்தால் அவன் மத்தளம். இரண்டு பக்கமும் இடி.

எல்லாம் அண்ணியின் மாமியார் இறந்துபோன அன்றைக்கு ஆரம்பித்தது. காலையில், "நெஞ்சுல என்னமோ அடைக்குது" என்றாள் மாமியார். "வாயுவா இருக்கும் அத்தை" என்று வெந்நீர் வைத்துக் கொடுத்துவிட்டு, அண்ணி தான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போனாள். மத்தியானம் கடைக்கு ஆள் வந்தது. வீடு நிறைய ஜனம் நிற்கும்போது தங்கை கேட்டாள்: "நெஞ்சை அடைக்குதுன்னு சொன்னவளை விட்டுட்டுக் கண்ணாடி விக்கப் போனீங்களே, உங்க கண்ணு எங்கே போச்சு?"

அண்ணி அன்றைக்கு அழவில்லை. "இதே வாயால நீ என்னை வான்னு கூப்பிடற வரைக்கும் மாடிப்படியில காலை வைக்க மாட்டேன்" என்று மட்டும் சொன்னாள். "நான் கூப்பிடவும் போறதில்ல" என்றாள் தங்கை. இரண்டு பேரும் சொன்ன சொல் தவறவில்லை. அந்த ஒரு விஷயத்தில் இருவருக்கும் அப்படி ஒரு ஒற்றுமை.

மாமனாரான பெரியவரைத் தங்கை மாடிக்கு அழைத்துக்கொண்டாள். கொஞ்ச மாதத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்ட தங்கை, பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவள், தையல் மெஷினைத் தூக்கி அப்பா கட்டிலுக்கு எதிரிலேயே போட்டுக்கொண்டாள். குழந்தையைப் பார்ப்பது மாதிரி பார்த்துக்கொண்டாள். அண்ணிகூட அதில் ஒரு குறை சொல்ல மாட்டாள்.

அந்தக் கட்டிலை ஒட்டித்தான் கழிவுநீர்க் குழாய் இறங்கியது. வார்ப்பிரும்பு. வீடு கட்டினபோது வெளிச்சுவரில் இருந்தது. பிறகு பின்பக்கம் அறைகள் எடுத்ததில் குழாய் வீட்டுக்குள்ளே மாட்டிக்கொண்டது. மாடியில் பெரியவர் அறையின் மூலை. அதற்கு நேர் கீழே அண்ணி பாத்திரம் கழுவுகிற இடம். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போதெல்லாம் குழாய்க்கும் சேர்த்தே அடித்து, அது சுவரோடு சுவராகி இருந்தது.

முதல் தடவை நடந்தது தற்செயல்தான். மேலே ஸ்பூன் ஏதோ குழாயில் பட்டிருக்க வேண்டும். டங், டங் என்று கேட்டது. அண்ணி கீழே கரண்டி தேய்த்துக்கொண்டிருந்தாள். என்ன தோன்றியதோ, ஈரக் கரண்டியால் அவளும் குழாயில் ரெண்டு தட்டினாள்.

மேலே சத்தம் நின்றது. அப்புறம், வெகு நிதானமாக, ரெண்டு தட்டு. ஒரு மனுஷன் யோசித்துத் தட்டுகிற தட்டு.

அன்றிலிருந்து அது ஒரு பழக்கமாயிற்று. அவள் மத்தியானச் சாப்பாட்டுக்கோ வேலை விட்டோ வந்து தண்ணீர்க் குழாயைத் திறந்து பாத்திரத்தைப் போட்டால், அந்தச் சத்தத்துக்காகவே காத்திருந்த மாதிரி மேலிருந்து ரெண்டு தட்டு வரும். நன்றாக இருந்த காலத்தில், அவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்பவர் அவர். வேறொன்றும் பேச மாட்டார். அது ஒன்றைக் கேட்காமல் இருக்க மாட்டார். தட்டு கேட்கும்போதெல்லாம் அண்ணிக்கு அந்தக் குரல்தான் கேட்டது. "சாப்பிட்டேன் மாமா" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு, கரண்டியால் பதில் தட்டுவாள்.

"பழைய இரும்பு, வெயிலுக்கு விரியுது. அதான் சத்தம் போடுது" என்பான் அண்ணன்.

"ஓகோ" என்பாள் அண்ணி.

யாருக்கும் அவள் சொல்லவில்லை. சொன்னால், "இதுக்குப் பேசாம நாலு படி ஏறிப் போய்ட்டு வந்துடலாமே" என்பார்கள். அதுதானே முடியாதது. அதைவிடப் பெரிய காரணமும் ஒன்று இருந்தது. பெண்டாட்டியைப் பறிகொடுத்தவர் அவர். பழி சொல்ல முதல் உரிமை அவருக்குத்தான். அவரே தட்டிச் சாப்பிட்டியா என்று கேட்கிறார் என்றால், இந்த வீட்டில் ஒரே ஒருத்தராவது தன் மேல் தப்பில்லை என்று நினைக்கிறார். அந்த நினைப்பு ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அண்ணி நாளைத் தள்ளினாள்.

அந்தக் குழாய்தான் இன்றைக்குப் போகிறது. போன வாரம் கையகலம் இருந்த ஈரம் இந்த வாரம் கதவளவு ஆகி, சுவர் ஊறி, நாற்றம் கூடம் வரைக்கும் வந்தது. "பூசி அடைச்சாப் போதாதா?" என்று கேட்டுப் பார்த்தாள். "ஏன், நாத்தம் பழகிப் பிடிச்சுப்போச்சா?" என்றான் அண்ணன். "பிளாஸ்டிக் போட்டுட்டா நம்ம காலத்துக்குக் கவலையில்ல."

அண்ணன் குளிக்கவும் குழாய்க்காரர் டீ குடிக்கவும் போயிருந்தார்கள். அறுபட்ட குழாயின் மேல்பாதி கூரையிலிருந்து தொங்கியது. விழாமல் இருக்க இரும்புப் பட்டை போட்டுச் சுவரோடு இறுக்கியிருந்தார். அடியிலிருந்து அழுக்குத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

டங். டங்.

அண்ணி துணியைப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு, கரண்டியை எடுத்துக்கொண்டு ஏறினாள். ரெண்டு தட்டுத் தட்டினாள். மேலே திருப்தியாக ஒரு மௌனம்.

இதற்கு மேல் எப்படிச் சொல்வது? சாப்பிட்டாயா என்பதற்கு ரெண்டு தட்டு. சாப்பிட்டேன் என்பதற்கு ரெண்டு தட்டு. இத்தனை நாளில் அவர்கள் சேர்த்து வைத்திருந்த பாஷை அவ்வளவுதான். நாளையிலிருந்து இந்தக் குழாய் இருக்காது, நான் தட்டாமல் இருந்தால் கோபம் என்று நினைக்காதீர்கள் என்பதற்கு எத்தனை தட்டு?

அவள் ஒன்று தட்டிப் பார்த்தாள். அப்புறம் தொடர்ந்து நிறையத் தட்டினாள். மேலிருந்து ஒன்றும் வரவில்லை. அவர் குழம்பியிருப்பார். கடைசியில், சந்தேகத்தோடு, பழைய ரெண்டு தட்டே வந்தது.

"என்னம்மா, தேங்காய் முத்தலா இளசான்னு பார்க்கறீங்களா?"

குழாய்க்காரர் வாசலில் நின்றார். அண்ணி அவசரமாக இறங்கினாள்.

"இல்ல, இரும்பு நல்லாத்தானே இருக்குன்னு பார்த்தேன். மேலே இருக்கிறதை அப்படியே விட்டுட்டு, கீழே மட்டும் மாத்த முடியாதா?"

"இதைப் பார்த்துட்டுச் சொல்லுங்க." அறுத்து வைத்த துண்டை உருட்டிக் காட்டினார். வெளியே அத்தனை பெரிய குழாய். உள்ளே துரு அடை அடையாக வளர்ந்து, விரல் நுழைகிற அளவுக்குத்தான் வழி இருந்தது. "வெளியேதான் இரும்பு. உள்ளே எல்லாம் அடைச்சுப்போச்சு. இத்தனை நாள் எப்படித் தண்ணி போச்சுன்னே தெரியல."

அண்ணி அந்தத் துண்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு அந்த வீட்டு வழக்கப்படி கேட்டாள்.

"மேலே போகும்போது, அங்கே படுத்திருக்கிற பெரியவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடறீங்களா?"

"சொல்றேன். என்னன்னு?"

"குழாய் மாத்தினா… இனிமே சத்தம் வராதுன்னு. அவ்வளவுதான். குழாயாலதான் வராதுன்னு சொல்லுங்க."

"இதென்ன பிரமாதம்."

மத்தியானம் மாடியில் வேலை நடந்தது. அறுக்கிற இயந்திரத்தின் அலறலில் வீடே பல்லைக் கடித்தது. குழாய்த் துண்டுகள் ஒவ்வொன்றாகக் கயிற்றில் இறங்கி, பின்வாசல் ஓரம் அடுக்கப்பட்டன. சுண்ணாம்பு பூசிய பக்கம் வெள்ளையாக, அறுபட்ட பக்கம் கறுப்பாக. குழாய்க்காரர் இறங்கி வந்ததும் அண்ணி அவர் முகத்தைப் பார்த்தாள்.

"சொல்லிட்டேன்மா. இனிமே சத்தமே வராதுன்னு நல்லா உரக்கச் சொன்னேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"பெரியவர் மாத்திரை மயக்கத்துல தூங்கிட்டிருந்தார். தங்கச்சிகிட்டதான் சொன்னேன். 'நிம்மதி'ன்னாங்க."

அந்த வீட்டில் யாருக்குச் சொன்னால் யாருக்குப் போய்ச் சேரும் என்றே புரியவில்லை என்று காலையிலேயே அவர் சொன்னாரே.

பிளாஸ்டிக் குழாய் ஏறிவிட்டது. பசையின் காரமான வாசனை மூக்கில் ஏறியது. பளிச்சென்று வெள்ளையாக, தூக்கினால் ஒரு கையில் வருகிற குழாய். "இப்ப ஊத்துங்க தங்கச்சி" என்று குழாய்க்காரர் கீழிருந்து குரல் கொடுத்தார். மேலே ஊற்றின தண்ணீர் சடசடவென்று மழை மாதிரி இறங்கி ஓடியது. இரும்பு இருந்தவரை இந்தச் சத்தமே கேட்டதில்லை. இனி மேலே வாய் கொப்பளித்தால்கூடக் கேட்கும்.

அவர் பணத்தை வாங்கிக்கொண்டு போனதும், அண்ணி கரண்டியை எடுத்துத் தட்டினாள்.

டப்.

அவ்வளவுதான். தட்டின இடத்திலேயே சத்தம் செத்தது. செவிடன் காதில் ஊதிய சங்கு. காதைக் குழாயில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். வேண்டாத சத்தமெல்லாம் கேட்டது. மெஷின் ஓடுவது, பக்கெட் நகர்வது. வேண்டிய சத்தம் ஒன்றுதான் இல்லை.

வெயில் தாழ்கிற நேரத்துக்குப் படியில் மறுபடி குரல்கள்.

"அண்ணா, அப்பா மத்தியானச் சாப்பாட்டைத் தொடல."

"பசிச்சா சாப்பிடுவார். சத்தத்துல அலுப்பா இருக்கும்."

"அலுப்பில்ல. முழிச்சதுலேருந்து அந்தப் புதுக் குழாயை ஸ்பூனால தட்டிக்கிட்டே இருக்கார். தட்டறது, காதை வைக்கிறது, தட்டறது, காதை வைக்கிறது. கண்ணுல தண்ணி வழியுது. துடைச்சா கையைத் தள்ளிவிடறார்."

"கூப்பிடறதுக்குத் தட்டிப் பழகிட்டார்போல. ஒரு கூப்பிடற மணி வாங்கிட்டு வரேன். எங்க லிஃப்ட்ல இல்லாத மணியா."

போன வேகத்தில் வாங்கி வந்தான். கீழே மணியைச் சுவரில் ஒட்டிவிட்டு, பொத்தானை எடுத்துக்கொண்டு மேலே போனான். கொஞ்ச நேரத்தில் அண்ணியின் தலைக்கு மேல் ஒரு பறவை கீச்கீச்சென்று கத்தியது. அவள் திடுக்கிட்டாள். "கேக்குதா?" என்று மேலிருந்து அண்ணன் சத்தம் போட்டான். "கேக்குது" என்றாள். பறவை இன்னொரு முறை கத்தியது. பிறகு என்னவோ சுவரில் மோதி உடைகிற சத்தம்.

அண்ணன் இறங்கி வந்து சமையலறையில் உட்கார்ந்தான். கையில் பொத்தானின் மூடி தனியாக, உள்ளே இருந்தது தனியாக.

"வீசிட்டார்."

அண்ணி தண்ணீர் கொடுத்தாள்.

"என்ன வேணும்னு கேட்டா வாயில என்னமோ குழறுது. ஒண்ணும் புரியல. அவ மெஷின்ல தலையைச் சாய்ச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கா. இப்படி வாயில ஒண்ணும் போடாம இருந்தா ரெண்டு நாள் தாங்குவாரா? இந்த மனுஷனுக்கு என்னதான் வேணும்?"

"பதில்."

"என்ன?"

"அவருக்குப் பதில் வேணும். அவர் தட்டினா நான் கீழேருந்து தட்டுவேன். நீங்க வெயிலுக்கு இரும்பு விரியுதுன்னு சொல்வீங்களே, அது நான்."

அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தான். அவளைப் பார்த்தான். குழாயைப் பார்த்தான்.

"எத்தனை நாளா?"

"அவர் படுத்ததுலேருந்து."

"என்கிட்ட ஒரு வார்த்தை…"

"சொல்லியிருந்தா? குழாயை மாத்தாம விட்டிருப்பீங்களா? நாத்தத்துல இருக்க முடியுமா? இல்ல, 'மேலே போய்ப் பேசிட்டு வா'ம்பீங்க."

"இப்பவும் அதான் சொல்றேன். மேலே போய்ட்டு வா."

"அவ கூப்பிடட்டும்."

"அவ கூப்பிட மாட்டா. நீ போக மாட்டே." அவன் குரலை உயர்த்தவில்லை. அதுதான் அவளுக்கு என்னவோ செய்தது. "உங்க ரெண்டு பேர் ரோஷத்துக்கும் ஒரு குறையும் வராது. நடுவுல அவர்தான் போயிடுவார். அம்மாவுக்குப் பேசின மாதிரி அவருக்கும் நாலு பேர் முன்னால பேசிக்குங்க."

அண்ணி அவனைப் பார்க்காமல் குழாயடியில் கையைக் கழுவினாள். கழுவின கையையே மறுபடி கழுவினாள். புடவையில் துடைத்துக்கொண்டு வெளியே போனாள். கூடத்தைத் தாண்டி, வாசலைத் தாண்டி, மாடிப்படியின் அடியில் நின்றாள். கைப்பிடிக்குப் புதுசாகப் பச்சை அடித்திருந்தார்கள். எப்போது அடித்தார்கள் என்று அவளுக்குத் தெரியாது. தன் வீட்டுப் படி.

ஏறினாள்.

மாடிக் கதவு திறந்துதான் இருந்தது. சீருடைத் துணி தரையெல்லாம் நீலமாகக் கிடந்தது. தங்கை மெஷின் எதிரில் உட்கார்ந்திருந்தாள். காலடிச் சத்தத்துக்கு, "உடைஞ்சதை எதுக்கு அண்ணா மறுபடி…" என்று திரும்பியவள், அண்ணியைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

அண்ணி நிலைப்படிக்கு வெளியிலேயே நின்றாள்.

"குழாய் வேலைதான் முடிஞ்சுதே" என்றாள் தங்கை, துணியை மடித்துக்கொண்டே. "இன்னும் என்ன?"

"மாமா ஏன் சாப்பிடலைன்னு எனக்குத் தெரியும்."

"ஓகோ. கூடவே இருக்கிற எனக்குத் தெரியல, கீழே இருக்கிற உங்களுக்குத் தெரியுமாக்கும்."

"அவர் தட்டும்போதெல்லாம் கீழேருந்து திரும்பத் தட்டினது நான்தான்."

மடித்த துணி தங்கையின் மடியில் அப்படியே நின்றது.

"நீங்களா?"

"நான்தான்."

"எதிரொலின்னு நெனைச்சேன்" என்றாள் தங்கை மெதுவாக. "அவர் தட்டறது அடிவரைக்கும் போய் முட்டித் திரும்பி வருதுன்னு. இரும்புதானே." துணியைக் கீழே வைத்துவிட்டு, "எதுக்குத் தட்டினீங்க?"

"அவர் கேக்கறாரே. பதில் சொல்ல வேணாமா? கடைலேருந்து வந்தா எப்பவும் கேப்பாரே, சாப்பிட்டியாம்மான்னு. வாய் போனப்புறம் அப்படித் தட்டிக் கேக்கறார். என்னை ஒருத்தர் கேக்கறாரேன்னு…"

தங்கை அவளை வெகுநேரம் பார்த்தாள். சண்டைக்காரியின் பார்வையாக இல்லை. அடிபட்டவளிடம் இன்னும் அடி இருக்கிறது என்று சொல்ல வேண்டியிருக்கிறவளின் பார்வை.

"உள்ளே வாங்க" என்றாள். "வந்து கேளுங்க."

எத்தனையோ விதமாக அண்ணி கற்பனை செய்து வைத்திருந்த வார்த்தை அது. வந்தபோது அதில் ஒரு ருசியும் இல்லை. நிலைப்படியைத் தாண்டி உள்ளே போனாள்.

பெரியவர் மூலைப்பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்திருந்தார். பாதியாகப் போயிருந்தார். இடது கையில் ஸ்பூன். வெள்ளைக் குழாயில் ஒரே இடத்தில் கீறல் மேல் கீறல். டப், டப் என்று தட்டினார். காதைக் கொண்டுபோய்க் குழாயில் வைத்தார். எடுத்தார். உதடு கோணி, நாக்கு புரண்டு, ஒரு சத்தம் வெளியே வந்தது.

"…ந்தா."

அண்ணி இன்னும் கிட்டே போனாள்.

"இந்தா… இந்தா…"

கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளாக அவள் கேட்டிருக்கிற வார்த்தை அது. பெண்டாட்டியை ஒரு நாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை அவர். கூடத்தில் உட்கார்ந்துகொண்டு "இந்தா" என்பார். பாத்திரம் கழுவுகிற இடத்திலிருந்து மாமியார், "வரேன், வரேன், கை ஈரமா இருக்கு" என்பாள். மகளை, மருமகளை, வேறு யாரையும் அந்த வார்த்தையால் அவர் கூப்பிட்டதில்லை.

"மிச்சம் இருக்கிறதே அந்த ஒரு வார்த்தைதான்" என்றாள் தங்கை பின்னாலிருந்து. "அண்ணனுக்குப் புரியாது. எனக்குப் புரியும். அம்மா கீழே பாத்திரம் தேய்க்கிறாங்கன்னு நெனைச்சுக்கிட்டிருக்கார். தட்டிக் கூப்பிடுவார். பதில் வந்தா முகமெல்லாம் சிரிப்பார். அப்புறம்தான் வாயைத் திறந்து ஒரு கவளம் வாங்கிப்பார். எதிரொலிதானே, அவருக்கு அம்மாவா இருந்துட்டுப் போகட்டும்னு நானும் விட்டேன்."

"அத்தை போனது அவருக்கு…"

"ஒரு நாள் ஞாபகம் இருக்கும். ஒரு நாள் இருக்காது. இன்னைக்குக் காலையில இருந்துதா, இல்லியா? எனக்கே தெரியல. மத்தியானத்துலேருந்து பதில் வரல, அது மட்டும்தான் அவருக்குத் தெரியும்."

அண்ணி கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப அவர் கேட்டது என்னை இல்ல" என்றாள். யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் தங்கைக்குக் கேட்டுவிட்டது. அவள் எழுந்து, தான் உட்கார்ந்திருந்த முக்காலியை நகர்த்தி அண்ணிக்குப் பக்கத்தில் போட்டாள். அண்ணி உட்காரவில்லை.

பேச்சுக்குரல் கேட்டோ என்னவோ, பெரியவர் தலையை மெல்லத் திருப்பினார். அண்ணியைப் பார்த்தார். தெரிந்த முகம்தான் என்று கண்ணில் ஒரு ஒளி வந்தது. பிறகு அந்தக் கண் அவளைத் தாண்டி வாசல் பக்கம் போயிற்று. பின்னாலேயே இன்னொருத்தி ஏறி வருகிறாளா என்று பார்த்தது. யாரும் வரவில்லை. கண் திரும்பி அண்ணியின் முகத்துக்கே வந்து, நகராமல் நின்றது. கேட்டது.

தட்டில் சாப்பாடு ஆறிப்போய் இருந்தது. தங்கை அதைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றாள். அப்பாவுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்:

"உங்களைத்தான் கேக்கறார் அண்ணி. அம்மா இனிமே தட்ட மாட்டாங்கன்னு சொல்லப்போறீங்களா, இல்ல, கீழே கை ஈரமா இருக்கு, இப்ப வந்துடுவாங்கன்னு சொல்லப்போறீங்களா?"